பொங்க விடாத பொத்தான்

பால் நுரைத்து மேலே வந்து பாத்திரத்தின் விளிம்பைத் தொடப் போகிற நேரம் பார்த்து அடுப்பு அணைந்துபோனது.

"யாருங்க அணைச்சது?" என்றேன்.

அடுப்பைச் சுற்றி நின்றவர்கள் எல்லாரும் அடுத்தவர் கையைப் பார்த்தோம். ஒருவர் கையும் அடுப்புப் பக்கம் இல்லை. ஏறிய நுரை அப்படியே அடங்கி உள்ளே போய்விட்டது. வாடகை வீடோ சொந்த வீடோ, குடி வருகிற அன்று பால் பொங்கி வழிய வேண்டும். பாதியில் அணைந்தால் குடி வருகிறவருக்கு மட்டுமா சங்கடம்? வீட்டுக்காரிக்கும்தான். அந்த வீட்டுக்காரி நான், துளசிமணி. வடவள்ளியில் கீழ் வீட்டில் நானும் என் வீட்டுக்காரர் குமாரசாமியும் இருக்கிறோம். மாடியில் இருக்கிற சின்ன வீட்டுக்குத்தான் அன்றைக்குத் தரணி குடி வந்தான்.

"ஆபத்து தவிர்க்கப்பட்டது" என்று ஒரு குரல் கேட்டது. தரணியின் சட்டையிலிருந்து வந்த குரல். மேலிருந்து இரண்டாவது பொத்தான்.

தரணி குனிந்து பொத்தானைப் பார்த்தான். "யோவ், பால் பொங்கோணும்" என்றான்.

"பால் பொங்கினால் சுடர் அணையும், வாயு கசியும். அடுப்பிலிருந்து ஓரடி விலகி நில்லுங்கள்."

தரணி விலகவில்லை. மறுபடி பற்ற வைத்தான். பால் மறுபடி ஏறியது, அடுப்பு மறுபடி அணைந்தது. மூன்றாவது தடவை பற்ற வைத்தபோது அடுப்பு பற்றவே மறுத்துவிட்டது.

தரணியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். தரணிதரன் என்பது முழுப் பெயர். முப்பத்தாறு வயது. பிறந்ததிலிருந்து டவுன் சிண்ட்ரோம். எங்கள் தெருமுனை பேக்கரியில் வேலை. தேங்காய் பன்னுக்குள் பூரணம் வைப்பவன் அவன்தான். கொஞ்சம் தாராளமாகவே வைப்பான். முதலாளி கத்துவார், கூட்டம் அலைமோதும், முதலாளி வாயை மூடிக்கொள்வார். போன வருடம் அவன் அம்மா இறந்துபோனாள். அக்கா நித்திலா ஓசூரில் இருக்கிறாள், அன்றைக்குப் பால் காய்ச்சுவதற்கு வந்திருந்தாள். தங்கமான பெண். "என்கூட வந்துடுடா" என்று எத்தனையோ தடவை கூப்பிட்டுப் பார்த்தாள். "ஓசூர்ல நம்ம பேக்கரி இல்லியே" என்பான் இவன். கடைசியில் ஒருநாள் அவனே என் வீட்டுக் கதவைத் தட்டி, "மாடி காலின்னு போர்டு போட்டிருக்கீங்க. பாக்கலாமுங்களா?" என்று கேட்டான். பார்த்தான். குழாயைத் திறந்து மூடினான். சன்னல் வழியாக எட்டி, பேக்கரியின் புகைபோக்கி தெரிகிறதா என்று பார்த்தான். "இதான் என்ற ஊடு" என்றான். வாடகையைக்கூட அப்புறம்தான் கேட்டான்.

இவனைப் போன்றவர்கள் தனியாகக் குடி வந்தால் முதல் ஒரு மாதம் பொத்தான் போட்டுக்கொள்ள வேண்டும் என்று சட்டம். அதைப் பொருத்தத்தான் தனிவாழ்வுத் துறையிலிருந்து பரிதி என்ற அதிகாரி அன்றைக்கு வந்திருந்தார். முப்பது வயதுகூட இருக்காது. கோவை வெயிலில் கழுத்துப் பொத்தான் வரைக்கும் போட்டிருந்தார். கேசரி நீட்டினேன். தலையை லேசாகச் சாய்த்து ஒரு நொடி நின்றார். "வேண்டாம், நன்றி" என்றார். காப்பிக்கும் அதே சாய்ப்பு, அதே நொடி, அதே நன்றி. என்ன வளர்ப்போ, எதையும் யோசித்துத்தான் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

"ஏனுங்க தம்பி, இந்தக் கெரகம் ஏன் பாலைப் பொங்க விடமாட்டேங்குது?" என்று அவரைக் கேட்டேன்.

"இது பேர் துணைவன். பார்க்கும், கேட்கும், யோசனை சொல்லும். அடுப்பு, கதவு, போன் எல்லாத்தோடயும் பேசும். யோசனையைக் கேட்கலைன்னா தடுக்கும்."

"புதுசா குடி வந்தா பால் பொங்கோணும்ங்கிறது அதுக்குத் தெரியாதா? எந்த ஊர்ல செஞ்சது?"

தரணி முந்திக்கொண்டு பொத்தானையே கேட்டான். "உனக்குத் தெரியுமா தெரியாதா?"

"தெரியும்" என்றது பொத்தான், செய்தி வாசிக்கிற குரலில். "புதுமனை புகும்போது பால் பொங்கி வழிவது தமிழர் மரபில் மங்கலமாகக் கருதப்படுகிறது."

"அப்புறம் ஏன் அணைக்கறே?"

"உங்கள் பிரிவுக்கு அனுமதி இல்லை."

பரிதி தொண்டையைச் செருமினார். "நீங்க பத்த வெச்சா அணைக்காது மேடம். நித்திலா பத்த வெச்சாலும் அணைக்காது. யார் பத்த வெக்கறாங்கன்னு அதுக்குத் தெரியும். பிரிவு வேற, அவ்வளவுதான்."

அட, இதுக்கா இத்தனை பாடு என்று நான் முன்னால் வந்தேன். நித்திலாவும் தீப்பெட்டிக்குக் கை நீட்டினாள். தரணி இரண்டு கையையும் விரித்து அடுப்பை மறைத்தபடி நின்றுகொண்டான்.

"என்ற ஊட்டுல நாந்தான் பத்த வெப்பேன்."

"டேய், நல்ல நேரம் போகுதுடா" என்றாள் நித்திலா.

"போகட்டும். நாளைக்கும் நல்ல நேரம் வரும்."

இவனோடு மல்லுக்கு நிற்க யாரால் முடியும்? பொங்காத பாலில் சர்க்கரை போட்டுக் குடித்துவிட்டுக் கலைந்தோம். கிளம்பும்போது பரிதி விதியைச் சொன்னார். துணைவன் சொன்னதும் தரணி செய்ததும் எத்தனை தடவை ஒத்துப்போகிறது என்று மாதம் முழுக்கக் கணக்கு எடுக்குமாம். அதற்குப் பெயர் இசைவு. நூற்றுக்குத் தொண்ணூறு வந்தால் தரணி இங்கேயே இருக்கலாம். வராவிட்டால் அக்கா வீடு, அதுவும் இல்லையென்றால் பராமரிப்பு இல்லம்.

"எனக்கும் எங்க வூட்டுக்காரருக்கும் இசைவு எடுத்தீங்கன்னா முப்பதுகூடத் தேறாதுங்களே" என்றேன்.

"முப்பதா? ரொம்பப் பெருமை பேசாதே" என்றார் குமாரசாமி, மூன்றாவது தடவை கேசரி எடுத்துக்கொண்டே. அவருக்குச் சர்க்கரை வியாதி வந்து எட்டு வருடம் ஆகிறது. அவர் சட்டையில் எந்த அரசாங்கமும் பொத்தான் குத்தவில்லை.

அன்றிலிருந்து தரணி என் மாடியில் இருந்தான். ஆனால் குடி வரவில்லை. அப்படித்தான் அவனே சொன்னான். "பால் பொங்கலீங்களே. அதனால நான் இன்னும் குடி வரலீங்க. சும்மா தங்கியிருக்கேன்." கட்டிலின் மேல் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் கிடந்தது. பாயில்தான் படுத்தான். 'தரணிதரன்' என்று செதுக்கி வாங்கிய மரப்பலகை காகிதச் சுற்றோடு சுவரில் சாய்ந்திருந்தது. ஆணி எல்லாம் தயாராக அடித்துவிட்டான். பலகையை மட்டும் மாட்டவில்லை.

தினமும் காலையில் பேக்கரிக்குப் போகும்முன் ஒரு டம்ளர் பாலை அடுப்பில் வைப்பான். மேலேயிருந்து "ஆபத்து தவிர்க்கப்பட்டது" என்று கேட்கும். பிறகு தரணி அதைத் திட்டுவது கேட்கும். எங்கள் வீட்டில் கடிகாரம் பார்ப்பதையே விட்டுவிட்டோம்.

மற்றபடி இரண்டும் நன்றாகத்தான் பழகின. தரணி அதற்கு வாத்தியார் என்று பெயர் வைத்தான். தைராய்டு மாத்திரையை அது சரியாக ஞாபகப்படுத்தும். எந்த பஸ் எங்கே போகும் என்று சொல்லும். மீதிச் சில்லறை குறைந்தால் சொல்லும். அதற்கெல்லாம் தரணி, "தேங்க்ஸ் வாத்தியாரே" என்பான். ஆனால் அது வாயைத் திறந்தால் நிறுத்தாது. மழையில் நடக்காதீர்கள். சுவருக்குப் பச்சை வண்ணம் பரிந்துரைக்கப்படவில்லை. குடையை அந்நியருக்குக் கொடுக்காதீர்கள். அந்த அந்நியர் எதிர்வீட்டுத் தமிழ்ச்செல்வி டீச்சர். பத்து வருடமாக இவனிடம் பன் வாங்குகிறவர். தரணி குடையைக் கொடுத்தான், மழையில் நடந்தான், சுவரைக் கிளிப்பச்சையாக அடித்தான். என்னைக் கேட்டுத்தான் அடித்தான் என்று வையுங்கள். எனக்கும் அந்தப் பச்சை பிடிக்கவில்லை. அதற்காக என்ன செய்ய, படுத்து எழுகிறவன் அவன்.

ஒருநாள் மாடிப்படியில் அது அவனிடம், "வேகமாக இறங்க வேண்டாம்" என்றது. "வேண்டாமுங்கன்னு சொல்லு" என்றான் தரணி. "எங்கூர்ல எல்லாரும் ங்க போட்டுத்தான் பேசுவாங்க. நான் உனக்கு வாத்தியாரேன்னு மரியாதை குடுக்கறேன்ல?"

"வேகமாக இறங்க வேண்டாமுங்க" என்றது பொத்தான். நான் பால்காரர் முன்னாலேயே வாய்விட்டுச் சிரித்துவிட்டேன்.

சிரிப்பெல்லாம் சரி. இசைவு இறங்கிக்கொண்டே போனது. மாதக் கடைசி நெருங்கியபோது எண்பத்திரண்டில் நின்றது. குடையும் மழையும் சின்ன விஷயம். பால்தான் தின்றது. அடுப்பு விஷயம் என்பதால் அதற்கு மதிப்பெண் அதிகம் வெட்டுமாம்.

ஒரு சாயங்காலம் அவனைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன். "ஏங் கண்ணு, ஒரே ஒரு வாரம் சும்மா இரேன். வாத்தியார் சொல்றதுக்கெல்லாம் சரி சரின்னு தலையாட்டு. தொண்ணூறைத் தொட்டுடலாம். சர்டிபிகேட்டு கைக்கு வந்ததும் நீ எவ்வளவு வேணா பொங்க வெச்சுக்கோ."

அவன் பொறுமையாகக் கேட்டான். நான் ஏதோ புரியாமல் பேசுகிறேன் என்பதுபோல என்னைப் பார்த்தான்.

"அக்கா, நீங்க குடி வந்தப்போ எப்படிங்க? சர்டிபிகேட்டு வந்து பால் பொங்குச்சா, பால் பொங்கிக் குடி வந்தீங்களா?"

"நான் வேற கண்ணு."

"என்ன வேறங்க?"

அந்தப் பொத்தான் சொன்னதையேதான் நானும் சொல்லியிருந்தேன். கோபம் அவன்மேல் இல்லை, என்மேல்தான் வந்தது. எழுந்து போய் அவனுக்குக் காப்பி போட்டேன்.

அவன் காப்பியைக் குடித்து முடித்து, டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சொன்னான். "எங்க பேக்கரில பழைய அடுப்பு ஒண்ணு இருக்குதுங்க. விறகு அடுப்பு. அதை எந்த வாத்தியாரும் அணைக்க முடியாது."

"ஏன்?"

"விறகுல வயரு இல்லீங்கக்கா."

எனக்கு அது புரியக் கொஞ்சம் நேரம் ஆனது. புரிந்ததும் என் மாடித் தரையில் போட்ட டைல்ஸ் கண்முன் வந்தது. இருந்தாலும் கொல்லைப்புறம் போய்க் கொட்டாங்குச்சி ஒரு சாக்கு எடுத்து வந்து கொடுத்தேன்.

மாதத்தின் கடைசி நாள் ஞாயிற்றுக்கிழமை. பரிதி காலையில் வருவதாகச் சொல்லியிருந்தார். நித்திலா விடிந்ததும் ஓசூரிலிருந்து வந்துவிட்டாள். அவள் கையில் காலிப் பெட்டி ஒன்று இருந்தது. அதைப் பார்த்துத் தரணியின் முகம் சுருங்கியது.

"எதுக்கு பொட்டி?"

"கோச்சுக்காதேடா. எண்பத்தி ரெண்டுதான். எனக்கு மெசேஜ் வந்துச்சு. எப்படியும் நீ எங்கூட வரப்போற."

"நான் வரல."

"தரணி, நான் இருக்கற வரைக்கும் நீ எங்க இருந்தாலும் ஓடி வந்துடுவேன். அப்புறம்? எனக்கு அப்புறம் உன்னை யாரு பாப்பா? அதை நெனச்சா எனக்குத் தூக்கமே வர்றதில்லடா." அவளுக்குக் குரல் உடைந்துவிட்டது.

தரணி அக்காவின் கன்னத்தைத் தட்டினான். "உனக்கு அப்புறம் நான் இருப்பேன்" என்றான். "அழுவாதே. பால் குடிச்சிட்டுப் போ."

பால்கனியில் மூன்று செங்கல் தயாராக இருந்தது. பக்கத்துத் தெருவில் கட்டட வேலை நடக்கிறது, அங்கே கேட்டு வாங்கியிருக்கிறான். நடுவே கொட்டாங்குச்சியை அடுக்கினான். மேலே அவன் அம்மாவின் பித்தளைப் பாத்திரம், மஞ்சள் குங்குமம் வைத்து, நிறையப் பால். தீக்குச்சியைக் கிழித்தான். "தீயிலிருந்து விலகுங்கள்ங்க" என்றது பொத்தான். அவசரத்திலும் மரியாதையை மறக்கவில்லை. "தடுக்க முடியவில்லை. உதவி அழைக்கப்படுகிறதுங்க."

"கூப்புடு. எல்லாரையும் கூப்புடு" என்றான் தரணி.

முதலில் புகைதான் வந்தது. சாதாரணப் புகையா அது! குமாரசாமி இருமிக்கொண்டே விசிறியை எடுத்தார். நித்திலா தம்பியை இழுக்கப் போய், அப்புறம் என்ன நினைத்தாளோ, முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு அவன் பக்கத்திலேயே குந்தி உட்கார்ந்து ஊத ஆரம்பித்தாள். தீ பிடித்தது. பால் சூடேறியது. ஓரத்தில் நுரை கட்டியது. அந்த நேரம் பார்த்துத் தூரத்தில் சைரன் கேட்டது.

தீயணைப்பு வண்டிதான். எங்கள் தெரு ரொம்பக் குறுகல். வண்டி உள்ளே வர முடியாமல் திணற, தெருவே கூடி, "பின்னால எடுங்க, ஒடிச்சு வாங்க" என்று வழி சொன்னது. பேக்கரி முதலாளி மாவுக் கையோடு ஓடி வந்தார். தரணி கொடுத்த குடையோடு டீச்சர் வந்தார். நாலு வீரர்கள் குழாயைத் தூக்கிக்கொண்டு என் மாடிப்படியில் தடதடவென்று ஏறினார்கள்.

"எங்கீங்க தீ?" என்று கத்தினார் முன்னால் வந்தவர்.

"அண்ணா, செத்த நில்லுங்க! வருது, வருது!" என்றான் தரணி.

நுரை எழுந்தது. விளிம்பைத் தொட்டது. அணைக்க யாரும் இல்லை. குபுக்கென்று பொங்கி, பித்தளையின் நாலு பக்கமும் வழிந்து, கொட்டாங்குச்சியில் விழுந்து சீறியது. என்னையும் அறியாமல் குலவை போட்டுவிட்டேன். கீழே தெருவில் நின்ற டீச்சரும் போட்டார். குழாயைப் பிடித்தபடி நின்ற தீயணைப்பு வீரர் பூட்ஸைக் கழற்றுவதா வேண்டாமா என்று தெரியாமல் காலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"பொங்கிருச்சு" என்றான் தரணி. அவன் கண்ணில் தண்ணீர். புகைதான் காரணம் என்றான். பிறகு உள்ளே போய்ப் பலகையின் காகிதத்தைக் கிழித்து, வாசலில் இருந்த ஆணியில் மாட்டிவிட்டு வந்தான்.

பரிதி வந்தபோது என் வீட்டுப் படியில் தீயணைப்பு வீரர்கள் வரிசையாக உட்கார்ந்து பால் குடித்துக்கொண்டிருந்தார்கள். பேக்கரியிலிருந்து ஒரு தட்டுத் தேங்காய் பன் வந்திருந்தது. குமாரசாமி இரண்டாவதில் இருந்தார். பரிதி எல்லாரையும் கடந்து மாடிக்கு வந்து, கருகிப்போன என் டைல்ஸைப் பார்த்தார், கையிலிருந்த திரையைப் பார்த்தார்.

"இசைவு நாப்பத்தி ஒண்ணு. தீயணைப்பு வண்டி வந்ததுல பாதியா வெட்டிடுச்சு" என்றார் மெதுவாக. "இந்தத் திட்டத்துலயே இவ்வளவு கம்மியா யாரும் வாங்கினதில்ல."

"முதல் மார்க்குங்களா?" என்று ஆசையாகக் கேட்டான் தரணி.

"கடைசி மார்க்."

"அப்ப என்னாகும்?" என்று நித்திலா கேட்டாள். வேடிக்கை என்னவென்றால், பெட்டியோடு வந்தவள் இப்போது அந்தப் பெட்டியைக் காலால் கட்டிலுக்கு அடியில் தள்ளிக்கொண்டிருந்தாள்.

"விதிப்படி மறுக்கணும். அதிகாரி தன் சொந்தப் பொறுப்புல அனுமதி எழுதலாம்னும் விதி இருக்கு. ஆனா இதுவரைக்கும் யாரும் எழுதினதில்ல."

"நீங்க எழுதுங்களேன் தம்பி!" என்றேன். "அவன் என்ன ஊரையா கொளுத்தினான்? பால் பொங்க வெச்சான். உங்க அடுப்பு அவனைப் பொங்க வெக்க விட்டிருந்தா செங்கல் எதுக்கு, புகை எதுக்கு, இந்த வண்டிதான் எதுக்கு? ஆபத்தை உண்டு பண்ணினதே உங்க பொத்தான்தானுங்க!"

பரிதி தலையை லேசாகச் சாய்த்து நின்றார். தரணி ஒரு டம்ளர் பாலைக் கொண்டுவந்து நீட்டினான். பரிதி அதையும் பார்த்துத் தலையைச் சாய்த்தார். "வேண்டாம்..." என்று ஆரம்பித்தார்.

தரணி அவரையே உற்றுப் பார்த்தான். "சார், உங்களுதும் வேண்டாங்குதுங்களா?"

பரிதியின் முகம் வெளிறியது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் கழுத்துப் பொத்தானைக் கழற்றினார். சட்டைக்கு உள்ளே பனியனில் குத்தியிருந்தது இன்னொரு பொத்தான். அச்சு அசல் தரணியுடையதைப் போலவே இருந்தது.

"எப்படிக் கண்டுபிடிச்சீங்க?" என்று கேட்டார்.

"நீங்க அது பேசி முடிக்கற வரைக்கும் நிப்பீங்க. நானும் அப்படித்தான் நிப்பேன். ஆனா நான் அப்புறம் திட்டுவேன். நீங்க திட்டறதில்ல."

பரிதி கட்டிலில் உட்கார்ந்தார். பிளாஸ்டிக் உறை சரசரத்தது. "எனக்கு ஆட்டிசம்" என்றார். "சின்ன வயசுலயே இதைப் போட்டாங்க. அப்பல்லாம் ஒரு மாசக் கெடு கிடையாது, அப்புறம் கழட்டவே இல்ல. இந்தத் திட்டத்துல நூத்துக்கு நூறு எடுத்த ஒரே ஆள் நான்தான். அதனாலதான் வேலையே குடுத்தாங்க. நோட்டீஸ்ல எல்லாம் என் படம் இருக்கும். அது என்ன சட்டை போடச் சொல்லுதோ அதைப் போடுவேன். எதைச் சாப்பிடச் சொல்லுதோ அதைச் சாப்பிடுவேன். யார்கூடப் பேசலாம், எப்ப சிரிக்கலாம், எல்லாமே. ஒரு தப்புகூடச் செஞ்சதில்ல." டம்ளரைப் பார்த்தார். "எனக்குப் பால் பிடிக்குமா பிடிக்காதான்னே எனக்குத் தெரியாது."

நித்திலா ஓவென்று அழுதுவிட்டாள். நானும் முந்தானையால் கண்ணைத் துடைத்தேன். அழாதவன் தரணி ஒருவன்தான்.

"குடிச்சாத்தானுங்க தெரியும்" என்றான்.

"இப்பவும் வேண்டாம்னுதான் சொல்லுது. மறுத்துட்டுக் கிளம்புன்னு சொல்லுது." டம்ளரை நோக்கிப் போன கையைப் பரிதி பின்னுக்கு இழுத்துக்கொண்டார். "உங்களுக்குப் பயமா இருக்காதா, அது சொல்றதைக் கேக்காம இருக்க?"

"இருக்குமுங்க. வயித்துக்குள்ள கரகரன்னு இருக்கும். செத்த நேரத்துல போயிரும்."

பரிதி டம்ளரை வாங்கினார். கண்ணை மூடிக்கொண்டு ஒரு வாய் குடித்தார். அவர் பனியனிலிருந்து சின்னதாக ஒரு 'கீங்' சத்தம் கேட்டது. நூறு போய்விட்டது. நாங்கள் எல்லாரும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் இன்னொரு வாய் குடித்தார். நெற்றியைச் சுருக்கினார்.

"நல்லா இருக்கு" என்றார். பிறகு ஏதோ பெரிய கண்டுபிடிப்பு செய்ததுபோல நிமிர்ந்தார். "இல்ல... சர்க்கரை ஜாஸ்தி. எனக்கு... எனக்கு இவ்வளவு சர்க்கரை பிடிக்கல!"

படிக்கட்டிலிருந்து தீயணைப்பு வீரர்கள் ஓடி வந்து பார்க்கிற அளவுக்குச் சிரித்தோம். நான் ஓடிப்போய்ச் சர்க்கரை போடாத பாலைக் கொண்டுவந்தேன். அதைக் கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டு, திரையை மடியில் வைத்து, தன் பொறுப்பில் அனுமதி என்று எழுதினார். தரணியின் பிரிவையும் மாற்றினார். இனிமேல் துணைவன் கேட்டால் மட்டும் சொல்லும், எதையும் தடுக்காது. "வேண்டாம்னா கழட்டிக் குடுத்துடலாம்" என்றார்.

தரணி யோசித்தான். "இருக்கட்டுமுங்க. மாத்திரைக்கு ஆகும். பஸ்ஸுக்கு ஆகும். அது சொல்லட்டும், செய்யறது நானு."

"சரிங்க" என்றது பொத்தான்.

டைல்ஸ் கறை இன்னும் போகவில்லை. நான் மாற்றவும் இல்லை. தரணி கட்டிலின் உறையைப் பிரித்துவிட்டான். நித்திலா மாதம் ஒருமுறை வருகிறாள். வந்தால் தம்பி சமைத்ததைச் சாப்பிட்டுவிட்டு உப்பு ஜாஸ்தி என்று சண்டை போடுகிறாள். அவள் இப்போது நன்றாகத் தூங்குகிறாளாம்.

பரிதியின் விஷயம் சுலபமாக முடியவில்லை. ஆபீஸில் விளக்கம் கேட்டார்கள். நூறு போனதால் நோட்டீஸிலிருந்து படத்தை எடுத்துவிட்டார்கள். வேலையை மட்டும் எடுக்க முடியவில்லை, அதற்கு விதி இடம் தரவில்லை. தன் பொத்தானைத் தானே மாற்றிக்கொள்ள முடியாதாம். இன்னொரு அதிகாரி எழுத வேண்டும், அவரை நன்றாகத் தெரிந்த ஒருவர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். சாட்சிக் கையெழுத்துப் போட்டது தரணிதரன். பலகையில் இருக்கிற மாதிரியே கொட்டை எழுத்தில் போட்டான்.

போன வாரம் பரிதி என் வாசலில் வந்து நின்றார். கழுத்துப் பொத்தான் திறந்திருந்தது. "பின்னால ஒரு போர்ஷன் காலியா இருக்குன்னு தரணி சொன்னார்" என்றார். "பாக்கலாமா... பாக்கலாமுங்களா?"

நேற்றுக் குடி வந்தார். முன்ஜாக்கிரதையாகத் தீயணைப்பு நிலையத்துக்குப் போன் போட்டு, ஞாயிற்றுக்கிழமை காலையில் வடவள்ளியில் பால் காய்ச்சுகிறோம், சைரன் வேண்டாம் என்று சொன்னேன். "எத்தனை மணிக்குங்க? நாங்களும் வர்றோம்" என்றார்கள். வந்தார்கள். இந்தத் தடவை செருப்போடு வந்து, வாசலிலேயே கழற்றிவிட்டார்கள்.

பரிதி அவரே பற்ற வைத்தார். பால் ஏறியது. நுரை விளிம்பைத் தாண்டி வழிய ஆரம்பித்ததும் அவர் கை பழக்கத்தில் அடுப்புக் குமிழை நோக்கிப் போய், பாதியில் நின்றுவிட்டது. எனக்கு வாய் துறுதுறுத்தது. நித்திலா என் கையைக் கிள்ளினாள். பரிதி திரும்பித் தரணியைப் பார்த்தார்.

"இப்ப அணைக்கலாமா தரணி? இல்ல, இன்னும் கொஞ்சம் பொங்கணுமா?"

தரணி பன்னைக் கடித்துக்கொண்டே சொன்னான். "என்னைக் கேட்டா எப்படிங்க? உங்க ஊடுங்க சார்."

பரிதி யோசித்தார். இந்தத் தடவை தலையைச் சாய்க்கவில்லை. பால் அடுப்பை நனைத்து, மேடையில் ஓடி, தரையில் சொட்டியது. அவர் பேசாமல் பார்த்துக்கொண்டு நின்றார். அதைத் துடைக்க எனக்கு அரைமணி நேரம் ஆனது.